பசுபதி என்னும் திருப்பெயரின் வரலாறு

இந்து சமயம் எப்பொழுது தோன்றிற்று, யாரால் தோற்றுவிக்கப்பட்டது என்னும் வினா ஏனைச் சமயத்தார் வாயினின்றும், நம் இளைஞர் வாயினின்றும் அடிக்கடி எழுகின்றது. புத்த சமயத்திற்குக் கௌதமரையும், கிறித்து சமயத்திற்கு இயேசுநாதரையும் சுட்டுதல்போல ஒருவரைச் சுட்டிக் காட்ட இயலாமையின், விடை கூறப் புகுவோர் இடர்ப்பட்டு, அஃது அநாதி என்று ஒரு சொல்லான் அமைவர். அன்றேல், மொகஞ்சதாரோவிற் கிடைத்த முத்திரை யொன்றைக் காட்டி ஐயாயிரம் ஆண்டுப் பழமை யென்று கணக்கிட்டுரைப்பர். முன்னது வினாவினாரை அமைவிப்பதன்று. பின்னதோ, அம்முத்திரையைப் பற்றிய அறிஞர் கருத்து மாறுந்தோறும் தானும் ஆட்டங்காணும் இயல்பிற்று. ஒரு சமயத்தின் தொன்மை ஒரு சுட்டுமண் துண்டளவான பொருளின்மேல் நிறுத்தப்படுமாயின், அத்துண்டு புரளும்பொழுது சமயமும் புரண்டதென்று பிறர் கூற இடமாகும். ஆதலின் இவ்விரண்டினும் உறுதியுடைய வழியொன்று நாடத்தக்கது.

முதற்கண் இந்து என்னும் பெயரே சமயப் பெயரன்று, நாட்டுப் பெயர். சிந்து என்னும் யாற்றுப் பெயரின் முதலெழுத்தைப் பாரசீகர் ஹகரமாக ஒலித்தனர். இருக்கு வேதம் ஏழ் சிந்து என்று கூறும் நிலப்பகுதியை அவருடைய அவெத்தா நூலும் அவ்வொலி மாற்றத்துடனே குறிக்கின்றது. கி. மு. 522 முதல் 486 வரை ஆண்ட பாரசீக வேந்தன் டேரியசு தன் ஆணைக்கு அடங்கிய நாடுகளை எண்ணிப் பொறித்த கல்வெட்டுக்களில் ஹிந்துஷ் என்பதும் ஒன்றாக வருகின்றது. ஆண்டுக் கூறப்பட்டது ஒரு நாடேயன்றி ஒரு வழிபாடன்று. பதினான்காம் நூற்றாண்டில் விசயநகர வேந்தர் இந்துராய சுரத்திராணர் என்னும் விருதினைத் தரித்தனர். அதுவும் துருக்க வேந்தரினின்று தம்மைப் பிரித்துக் கூறும் அரசியல் வழக்கே. அந்நூற்றாண்டிலேயே மாதவாசாரியர் இயற்றிய சருவதரிசன சங்கிரகம் பற்பல தரிசனங்களை வேறு வேறாக எடுத்தாராய்கின்றது. நகுலீச பாசுபதம், சைவம், பிரத்தியபிஞ்ஞை, இரசேசுவரம் எனச் சிவனைப் பரமாகக் கொள்வனவே நான்கு அதன்கண் தனித்தனி அதிகாரம் பெற்றுள்ளன. அவற்றை யெல்லாம் இந்து சமயம் என்னும் ஒரு பெயராற் றொகுத்தல் அவ்வாசிரியர்க்கு வேண்டப்படவில்லை. அத்தொகைப் பெயர் பெருவழக்காயது ஆங்கிலேயர் காலத்து; சட்டத்தில் நிலைபெற்றது 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் போல்வனவற்றான். இந்து சமயத்திற்குத் தீர்க்கதரிசி யொருவரும் இலர், யாவரும் வழிபடும் கடவுள் ஒன்றும் இன்று, ஒரே கோட்பாடும் இன்று என்று உச்ச நீதிமன்றத்தார் 1966-இல் ஒரு வழக்கிற் கூறிய முடிபும் இதனையே வலியுறுத்தும்.

எனினும், பெயர் புதிது என்பதனாற் பொருளும் புதிதென்றல் பொருந்தாது. வேதத்தைப் பிரமாணமாக மதித்தல், வினையும் மறுபிறப்பும் உண்டெனல், பிறவியினின்று விடுதலை உண்டெனல் ஆகிய கொள்கைகள் இந்நெறிகளுட் பெரும்பாலனவற்றிற்குப் பொது. இவை எவ்வாறு வளர்ந்தன என்பதனைத் தொகுத்துக் காண்டலினும், ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அது சென்ற வழியே செல்லுதல் தெளிவு தரும். அதற்குப் பசுபதி என்னும் திருப்பெயரிற் சிறந்தது பிறிதில்லை. என்னை? பதி, பசு, பாசம் என்னும் சித்தாந்த முப்பொருள்களுள் இரண்டு அப்பெயரினுள்ளேயே அடங்கிக் கிடத்தலானும், அது வேத காலந் தொட்டு இந்நாள்வரை இடையறாது வழங்கி வருதலானும் என்க.

மொகஞ்சதாரோ முத்திரையை முன்னர் நோக்குவோம். சிந்து வெளி நாகரிகம் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியைச் சர் ஜான் மார்ஷல் 1924-இல் உலகிற்கு அறிவித்தார். அதன்பின் 1928-29-ஆம் ஆண்டில் நிகழ்ந்த அகழ்வில் அம்முத்திரை கிடைத்தது. ஏறக்குறைய மூன்றரை செண்டிமீட்டர் சதுரமே அதன் அளவு. பீடத்தின்மேல் மடக்கிய காலினதாய், கொம்புடைய தலையணி யணிந்த உருவ மொன்று அமர்ந்துள்ளது. அதனைச் சூழ யானை, புலி, காண்டாமிருகம், எருமை ஆகியவை நிற்கின்றன. பீடத்தின்கீழ் மான் போன்றன இரண்டு. 1931-இல் வெளிவந்த தமது பெருநூலில் மார்ஷல், முகம் மூன்றாதல், யோகியர் இருக்கை, விலங்குகள் சூழ்தல், சூலம்போன்ற தலையணி ஆகியவற்றை ஏதுவாகக் காட்டி, இது சிவபெருமானுடைய முற்பட்ட வடிவமாதல் கூடும் என்று எழுதினார். அன்றுதொட்டுப் பசுபதி முத்திரை யென்பது அதன் பெயராயிற்று. சைவ உலகம் அதனைப் பெருமகிழ்வுடன் ஏற்றது, ஏற்றது இயல்பே.

ஆயினும் பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் இதனை உடன்பட்டிலர். முகம் மனித முகமன்று, ஆனினத்து முகம் என்று தோரிஸ் சீனிவாசன் 1970-களில் எழுதினார். அஃது எருமைத் தொடர்புடைய தெய்வமாதல் வேண்டும் என்பது ஹில்டெபைட்டல் கருத்து. முகம் மூன்றோ ஒன்றோ என்பதே ஐயத்துக்கிடமாயிற்று. சூழ நிற்பனவற்றுள் யானையும் புலியும் காண்டாமிருகமும் காட்டு விலங்குகள். பசு என்று வேதம் பெரும்பான்மையுங் கூறுவது மனையிற் கட்டி வளர்க்கப்படுவனவற்றை. ஆகவே பசுபதி யென்னும் பெயர் இவ்வுருவிற்குப் பொருந்தாது என்று கூறுவாரும் உளர். இத்தடை முழுவலி யுடையதன்று. காட்டு விலங்குகளும் உருத்திரனுக்கு உரியனவே என்று அதர்வ வேதமே ஓரிடத்துக் கூறுகின்றது. எவ்வாறாயினும், முத்திரையின் மேலுள்ள எழுத்து இன்னும் யாவரும் ஒப்பப் படிக்கப்படவில்லை. படிக்கப்படாத எழுத்தும் ஐயுறப்படும் உருவமும் உடைய ஒன்றைக் கொண்டு, பசுபதி என்னும் பெயரோ, அப்பெயரின் கருத்தோ அந்நாளில் இருந்ததென்று துணிதல் அளவை நூலார்க்கு உடன்பாடன்று. அது சிவவடிவம் அன்று என்று துணிதற்கும் போதிய சான்றில்லை யென்பதையும் உடன் கூறுதல் முறை. வேண்டுவார் அதனை ஒரு குறிப்பாகக் கொள்க, அடிப்படையாகக் கொள்ளற்க.

உறுதியான நிலம் வேதத்திற் றொடங்குகின்றது. இருக்கு வேதத்தில் உருத்திரனுக்கெனத் தனியே அமைந்த பாசுரங்கள் மிகச் சிலவே. அவற்றில் அவன் வெகுளியுடையவன். அவனுடைய படை தம் மக்கள்மேலும் ஆநிரைமேலும் வீழாதிருக்க வேண்டுமென்று இருடிகள் இரக்கின்றனர். அவனே மருத்துவருட் சிறந்தோனாகவும் போற்றப்படுகின்றான். நோயைத் தருபவனும் தீர்ப்பவனும் ஒருவனே என்னும் இக்கருத்துப் பின்னர் மறைத்தலும் அருளலும் ஒருவன் தொழிலே எனச் சித்தாந்தத்தில் விரிவதற்கு இடனாய் அமைந்தமை நோக்கத்தக்கது. சிவ என்னும் சொல் ஆண்டு மங்கலமானவன் என்னும் பொருளில் அடைமொழியாகவே நிற்கின்றது, பெயராக முதிர்ந்திலது.

அதர்வ வேதத்தின் பதினோராங் காண்டத்தில் பவன், சருவன் என்னும் பெயர்களால் விளிக்கப்படும் கடவுள் பூதபதி யென்றும் பசுபதி யென்றும் போற்றப்படுகின்றான். அங்கு அவனுக்குரிய பசுக்கள் ஐந்தெனப் பகுக்கப்படுகின்றன. அவை ஆன், குதிரை, மனிதன், வெள்ளாடு, செம்மறி என்பன. இவ்வரிசையிலே மனிதன் நிற்குமிடம் சைவர் ஊன்றி நோக்கற்பாலது. ஆநிரைக்கு உடையவன் இருப்பதுபோல மனிதனுக்கும் உடையவன் உளன். மனிதன் தனக்குத் தான் தலைவனல்லன் என்னும் துணிபு மூவாயிரம் ஆண்டளவாகப் பழமையுடைய அவ்வெண்ணுமுறையிலேயே விளங்கக் கிடக்கின்றது. ஆனால் அங்குக் கூறப்பட்டது உடைமைத் தொடர்பு மட்டுமே. கட்டும் வீடும் கூறப்பட்டில. பிராமண நூல்களிலும் நிலை அதுவே. வேள்விக்குரிய பசுக்களுள் மனிதனையும் அவை எண்ணுகின்றன. கடவுள் ஒருவனே கிழக்கு நாட்டாராற் சருவன் என்றும், பாகிகராற் பவன் என்றும் அழைக்கப்படுகின்றான் எனச் சதபத பிராமணம் கூறுவது இன்னொரு வகையாற் பயனுடையது. நாட்டுக்கு நாடு வேறுபட்ட வழிபாடுகள் ஒரு பெருங்கடவுளின்கண் ஒன்றுகூடியமைக்கு இந்நூற்கூற்றே சான்றாகின்றது. இந்து சமயம் என இன்று கூறப்படுவது தோன்றிய முறையை ஒருவர் கண்ணாற் காண வேண்டின், அதனை இவ்விடத்திற் காணலாம்.

யசுர் வேதத்துச் சதருத்திரீயத்தின் பெருமை சைவர்க்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதன்று. தைத்திரீய சங்கிதையின் ஏழு காண்டங்களுள் நடுவணதாகிய நான்காங் காண்டத்தில், பதினோரு அநுவாகங்களாலாகிய அப்பகுதியின் எட்டாம் அநுவாகத்தில் திருவைந்தெழுத்துப் பொலிகின்றது. அப்பகுதியில் இறைவன் பசுக்களின் பதியாகப் போற்றப்படுவதோடு, தச்சர், குயவர், வேடர், கள்வர் ஈறாகப் பலர்க்கும் வணக்கங் கூறப்படுகின்றது. அவன் இல்லாத இடமும் இல்லை, அவனுடையர் அல்லாத மாந்தரும் இல்லை என்னும் கருத்து அதன்கண் உள்ளது. திருத்தலையூரிற் பசுபதியார் என்னும் அந்தணர் கழுத்தளவு நீரில் நின்று இரவும் பகலும் இவ்வுருத்திரத்தையே ஓதி உருத்திர பசுபதி நாயனார் எனப் பெயர் பெற்றமை பெரிய புராணத்தாற் பெறப்படும்.

உபநிடத காலத்தில் இச்சொல்லின் பொருள் திரும்பியது. தான் வேறு, தெய்வம் வேறு என எண்ணித் தேவரை வழிபடுவோன் அத்தேவர்க்குப் பசுவைப் போல்வன் எனப் பிருகதாரணியகம் ஓரிடத்து இகழ்கின்றது. இவ்விகழ்ச்சியிற் பசு என்பது அறியாமையுடைய உயிரைக் குறித்தமை கருதற்பாலது. சுவேதாசுவதரம் இகழ்ச்சியை விடுத்து உண்மையை எடுத்துக் கொண்டது. உருத்திரன் ஒருவனே, இரண்டாமவன் இல்லை என அது நிறுவுகின்றது. நுகர்வோன், நுகரப்படுவது, செலுத்துவோன் என மூன்றனை வகுக்கின்றது. தேவனை யறிந்தவன் பாசங்கள் அனைத்தினின்றும் விடுபடுவான் எனப் பலகாலும் ஓதுகின்றது. ஆநிரையைக் கட்டிய கயிறு ஈண்டு உயிரைக் கட்டிய கயிறாயிற்று. சித்தாந்த முப்பொருளின் வித்து இவ்வுபநிடதத்தில் உளதென்று கூறுவது மிகையன்று. முழுமரமே உளதென்று கூறுவதுதான் மிகை. அதர்வசிரசில் வெண்ணீறணிதல் பாசுபத விரதம் எனவும், பசுவினது பாசம் நீங்குதற்பொருட்டு அஃது அமைந்ததெனவும் வெளிப்படையாகவே கூறப்பட்டுள்ளது.

பசு என்னும் சொல்லைப் பாசத்தாற் பிணிக்கப்பட்டது என ஆசிரியர் பலர் பிரித்துப் பொருள் கூறுவர். மொழிநூலார் பசு என்பது கால்நடையைக் குறிக்கும் பழஞ்சொல்லென்றும், இலத்தீன மொழியிலும் அதற்கு இனமான சொல் உண்டென்றும் கூறிப் பாசம் என்பதனோடு இயைத்திலர். இரண்டும் தத்தம் இடத்திற் கொள்ளத்தக்கனவே. முன்னது நூற்பொருளை விளக்குவது. பின்னது சொற்பிறப்பைக் காட்டுவது.

பதஞ்சலியார் கி. மு. இரண்டாம் நூற்றாண்டளவிற் செய்த மாபாடியத்தில் இருப்புச் சூலம் தாங்கிய சிவபாகவதர் குறிக்கப்படுகின்றனர். குசான வேந்தருட் பலர் நாணயங்களில் இடபத்தோடு கூடிய சிவவடிவைப் பொறித்தனர். இவை வழிபாட்டின் பரப்பைக் காட்டுவன. கொள்கையைக் காட்டுவன அல்ல. கொள்கை நெறியாக உருப்பெற்றது இலகுலீசராலே. கூர்ச்சரத்துக் காரவணம் என்னும் இடம் அவருடைய பதியென்பர். குசிகர், கார்க்கியர், மித்திரர், கௌருசர் என்பார் அவர்தம் மாணாக்கர் நால்வர். வடமதுரையிற் கிடைத்த தூணொன்று இதற்கு நிலையான சான்று. குப்த ஆண்டு 61-இல், அஃதாவது கி. பி. 380-ஐ ஒட்டி, இரண்டாஞ் சந்திரகுப்தன் ஆட்சியில் அது பொறிக்கப்பட்டது. குசிகரிற் பத்தாமவராகிய உதிதாசாரியர் என்பார் தம் ஆசிரியராகிய கபிலர், உபமிதர் என்போர் பெயரால் இரண்டு இலிங்கங்களை நிறுவினர் என அது கூறும். புகழ் வேண்டி இதனைப் பொறித்திலர், மாகேசுவரர்க்கு அறிவித்தற்பொருட்டே பொறித்தனர் என்றும் அக்கல்வெட்டுக் கூறுகின்றது. பிற்காலத்துப் பொறிக்கப்பட்ட பல கல்வெட்டுக்களோடு இதனை ஒப்பிடுவார் நகைப்பர். பதின்மரைத் தலைமுறைக் கணக்கிற் பின்னோக்கி யெண்ணி, இலகுலீசர் கி. பி. இரண்டாம் நூற்றாண்டினர் எனப் பண்டார்க்கர் முடிவு செய்தார். அம்முடிபு சிலராற் பின்னர் ஐயுறப்பட்டதாயினும், நான்காம் நூற்றாண்டிற் பாசுபத குருபரம்பரை யொன்று நெடிது வளர்ந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

பாசுபத சூத்திரமும் கவுண்டினியர் உரையும் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1940-இல் திருவனந்தபுரத்து வடமொழி நூல்வரிசையில் வெளிவந்தன. அதன்பின்னரே அந்நெறியை அதன் நூல் வாயிலாகவே அறியும் வாய்ப்பு உண்டாயிற்று. காரியம், காரணம், யோகம், விதி, துக்காந்தம் என ஐந்து அதற்குப் பொருள்கள். உலகும் உயிரும் காரியம், பதியே காரணம், துன்ப முடிவே பேறு. வெண்ணீற்றில் முழுகுதல், உலகினர் இகழ்ச்சியைத் தானே வலிந்து ஏற்றல் முதலிய கடுநோன்புகள் அதன்கண் விதிக்கப்பட்டன. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் காசி முதலிய இடங்களில் நீறு பூசிய மாகேசுவரர் பெருந்தொகையினராய் இருக்கக் கண்டெழுதினார். அந்நூற்றாண்டிலேயே காஞ்சியிலிருந்த மகேந்திரவர்மன் தன் மத்தவிலாசப் பிரகசனத்திற் பாசுபதன் ஒருவனை அமைத்தமையின், அந்நெறி தென்னாட்டிலும் பரவியிருந்தமை தெளிவு.

இனி, சித்தாந்தம் பாசுபதத்தினின்று எவ்விடத்துப் பிரிந்தது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. பாசுபதர் இறைவனைத் தன்வயமுடையன் என்று வலியுறுத்துமாற்றான், உயிர்களின் வினையையும் நோக்காது அவன் தொழில் செய்வான் என்றனர். சருவதரிசன சங்கிரகத்தின் சைவ அதிகாரம் இக்கொள்கையை மறுத்தே தொடங்குகின்றது. வினையை நோக்காது ஒருவனை இன்பத்திலும் ஒருவனைத் துன்பத்திலும் வைப்பனாயின், இறைவனுக்கு ஓரவஞ்சனையும் இரக்கமின்மையும் எய்தும் என்பது சைவர் காட்டும் தடை. பின்னும், பாசுபதர் ஆணவ மலத்தைக் கொள்ளாதவர் என்பது சித்தாந்த ஆசிரியர் கூற்று. ஆணவம் இல்லையாயின் உயிரைக் கட்டினவன் யார் என்னும் வினா எழுந்து பதியினிடத்தே சென்று முடியும். கட்டியவனே அவிழ்க்க வேண்டுமென இரப்பது வேதகாலத்து அச்சத்திற் பொருந்தியது. அருளே உருவாகிய பரம்பொருளுக்கு அது பொருந்துமா? செம்பிற் களிம்பு போலவும் நெல்லின் உமி போலவும் ஆணவம் உயிரோடு உடனாய் அநாதியே உளது. இறைவன் அதனைச் செய்தானல்லன், அதனை நீக்குதற்பொருட்டே மாயையும் கன்மமும் கூட்டி உடலும் உலகும் தருகின்றான் என்று சித்தாந்தம் கூறியபொழுது, பசுபதி என்னும் பெயர் தன் பழைய அச்சத்தினின்றும் முற்றும் நீங்கியது. மனிதனை நிரையில் வைத்து எண்ணிய உடைமையாளன், நிரையை அவிழ்த்து விடுதற்கே உடைமையாகக் கொண்டவனாயினான்.

இம்மாறுதல் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. இன்று கிடைப்பனவற்றுட் பழமையான சைவ தந்திரமென மதிக்கப்படும் நிசுவாச தத்துவ சங்கிதை பாசுபத நெறிகளையும் கூறிப் பின்னர் மந்திர மார்க்கத்தைக் கூறுவது, வளர்ச்சியின் இடைப்படியைக் காட்டுகின்றது. அதன் பழஞ்சுவடி, ஒன்பதாம் நூற்றாண்டளவினது, நேபாளத்திற் காத்தப்பட்டுள்ளது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிற் கல்வெட்டிற் பல்லவ வேந்தன் இராசசிம்மன், சைவ சித்தாந்த மார்க்கத்தில் மலமெல்லாம் நீங்கப்பெற்றவன் எனக் கூறப்படுகின்றான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தினதாகிய அக்கல்வெட்டில் சைவ சித்தாந்தம் என்னும் பெயரும், மலம் என்னும் குறியீடும் ஒருங்கே வருதல் பெரிதும் மதிக்கத்தக்கது. அதற்குச் சிறிது முன்னரே திருநாவுக்கரசர் பசுபதித் திருவிருத்தம் என்னும் பதிகம் அருளினார். திருஞானசம்பந்தர் ஆவூர்ப் பசுபதியீச்சரத்தைப் பாடினார். பதி பசு பாசம் மூன்றும் அநாதி யென்பதனைத் திருமந்திரம் தமிழிற் கூறியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்ட தேவர் பன்னிரண்டு சூத்திரங்களில் இவை யனைத்தையும் அளவை முறையில் நிறுவினார்.

ஈண்டு அன்பர் ஒருவர்க்கு ஐயம் எழலாம். முப்பொருளும் அநாதியாயின் அவற்றிற்கு வரலாறு கூறுதல் யாங்ஙனம் அமையும்? வரலாறு உண்டெனின் அநாதி யென்றல் பிழையாகாதோ எனின், ஆகாது. வரலாறு கூறப்பட்டது பொருளுக்கன்று. பொருளை உணர்ந்த உணர்ச்சிக்கும், அவ்வுணர்ச்சியைத் தாங்கிய சொல்லுக்குமே. ஞாயிறு எழுமுன்னரும் மலை உண்டு. ஒளி பரவும் அளவிற்கேற்ப அதன் முடியும் சாரலும் அடியும் முறையே புலனாகின்றன. புலனாகும் முறையை எழுதுவோன் மலை அன்று பிறந்ததென்று கூறினானல்லன். அன்றியும், உயிர் சிறிது சிறிதாகவே அறிவு விளங்கப் பெறும் என்பது சித்தாந்தத்தின் சொந்தக் கொள்கை. ஓர் உயிர்க்கு உரைத்த அம்முறை வழிவழி வந்த மாந்தர்க்கும் ஒத்தல் வியப்பன்று. வரலாற்றாராய்ச்சியை அஞ்சி ஒதுங்குவோரும், ஒரு முத்திரையைக் கொண்டு அதனை வென்றுவிட்டதாகக் களிப்போரும் இவ்வேறுபாட்டை நோக்கினாரல்லர்.

பாசுபதத்தைச் சித்தாந்த நூலார் அகப்புறச் சமயங்களுள் வைத்தனர். புறத்தே தள்ளினாருமல்லர், அகத்தே கொண்டாருமல்லர். பெயரையோ விட்டிலர். கருவூர் ஆனிலையிற் பசுபதீசுவரர் என எழுந்தருளிய இறைவனுக்கு ஆகம விதிப்படியே இன்றும் பூசை நிகழ்கின்றது. இமயத்தின் அடியில் வாக்குமதி யாற்றங்கரையிற் பசுபதிநாதர் கோயிலில் முதன்மைப் பூசை புரிவோராகக் கருநாடகத்தினின்று சென்ற பட்டர் அமர்ந்துள்ளனர். நிசுவாச தத்துவ சங்கிதையின் பழஞ்சுவடி காக்கப்பட்டு வருவதும் அக்கோயிலுள்ள காத்துமாண்டு நகரிலேயே.